கொள்ளு வைத்தால் விவசாயம் இல்லை

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே மூவரும் நலம். சித்தியின் முட்டிவலி தேவலையா? மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் போட வேண்டும் என்று உங்கள் மருமகள் நாலாவது தடவையாகச் சொல்லச் சொல்கிறாள்.

போன ஞாயிறு போனில், "ஒரு குதிரை லாயத்துக்கு அனுமதி வாங்க ஒன்றரை வருஷமாடா தம்பி? அந்த ஊரில் தாசில்தாரே இல்லையா?" என்று கேட்டீர்கள். லைன் விட்டு விட்டு வந்ததில் நான் சொன்ன பதிலில் பாதி உங்களுக்குக் கேட்கவில்லை. கேட்ட பாதியை நீங்கள் நம்பவில்லை. முப்பது வருஷம் அடங்கல் எழுதிய கை உங்களுடையது. இந்தக் கதையை ருசித்துப் படிக்க நம் குடும்பத்தில் உங்களை விட்டால் ஆள் கிடையாது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்காருங்கள்.

நாங்கள் குடியிருப்பது இங்கிலாந்தின் மேற்கு ஓரம். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் ஏறினால் வேல்ஸ் மலைகள் தெரியும், மழை விட்டால். வீட்டுக்காரம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. பத்து ஏக்கர் மேய்ச்சல் நிலம், ஒரு பழைய செங்கல் கொட்டகை, கொஞ்சம் ஆடு. ஆட்டில் கட்டுப்படியாகவில்லை. மகள் குதிரைக்காரி. கொட்டகையை லாயமாக மாற்றி, எட்டுக் குதிரை வைத்து, சனி ஞாயிறுகளில் பிள்ளைகளுக்குச் சவாரி சொல்லிக்கொடுக்கலாம் என்று யோசனை. ஒரு நாள் வாடகை கொடுக்கப் போன என்னை நிறுத்தி, "நீ இஞ்சினியர்தானே, படம் போடுவாயா?" என்று கேட்டார் அந்த அம்மா.

என் கதைதான் உங்களுக்குத் தெரியுமே. பாலிடெக்னிக் சிவில் டிப்ளமோவை டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டு, நர்ஸ் பெண்டாட்டியின் விசாவைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தவன். கட்டுமானச் சாமான் கடையில் சிமெண்ட் மூட்டை எண்ணுகிறேன். அப்படிப்பட்டவனை ஒருத்தர் இஞ்சினியர் என்று கூப்பிட்டால் நெஞ்சு நிமிராதா? போடுவேன் என்றேன். வாடகையில் மாதம் ஐம்பது பவுண்டு கழிவு. அந்த ஐம்பது பவுண்டை நினைத்தால் இப்போதும் எனக்கு அழுகை வருகிறது.

முதலில் சட்டம். இங்கே நஞ்சை, புஞ்சை, தரிசு என்று நீங்கள் போடும் பாகுபாடு எதுவும் இல்லை. நிலத்தில் நீ என்ன செய்கிறாய் என்பதுதான் கேள்வி. 1947 ஆகஸ்ட் 6-ஆம் தேதி, அதாவது நமக்குச் சுதந்திரம் கொடுப்பதற்கு ஒன்பது நாள் முன்னால், இவர்கள் தங்கள் நாட்டுக்கு ஒரு நகர் ஊரமைப்புச் சட்டம் போட்டார்கள். நம்மை விடப்போகிறோமே, பிடித்துவைக்க வேறு ஆள் வேண்டாமா என்று சொந்த ஊர் நிலக்காரர்களைப் பிடித்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. அடுத்த வருஷம் ஜூலை முதல் நிலம் உன்னுடையது, அதில் புதிதாக ஒன்று செய்யவேண்டுமானால் மட்டும் கேட்டுக்கொண்டு செய். விவசாயத்துக்கு விலக்கு உண்டு. உழு, விதை, ஆடு மேய், ஒருத்தரும் வந்து கேட்கமாட்டார்கள்.

எது விவசாயம்? இப்போது நடப்பில் இருக்கும் 1990-ஆம் வருஷச் சட்டத்தில் 336-ஆம் பிரிவில் பட்டியலே இருக்கிறது. பழத்தோட்டம், பால்பண்ணை, மேய்ச்சல் தரை, நாற்றுப் பண்ணை, கூடை முடைகிற மிலாறு வளர்க்கும் நிலம்கூட உண்டு. கால்நடை என்றால் சாப்பாட்டுக்கோ கம்பளிக்கோ தோலுக்கோ வளர்ப்பது, இல்லாவிட்டால் வயல் வேலைக்கு வளர்ப்பது. இதில் குதிரை எங்கே வருகிறது என்று பாருங்கள். ஏர் இழுத்தால் வரும். அடித்துக் குழம்பு வைத்தாலும் வரும். ஒரு பிள்ளையை முதுகில் ஏற்றிக்கொண்டு இரண்டு சுற்று சுற்றினால் வராது. 1962-இல் ஒரு பண்ணையைச் சேர்ந்தவர்கள் தடை தாண்டும் குதிரைகளை வளர்த்துப் பழக்குவதும் விவசாயம்தான் என்று கோர்ட்டு வரைக்கும் போய்ப் பார்த்தார்கள். நடக்கவில்லை. 1981-இல் வந்த இன்னொரு தீர்ப்பு இன்னும் நயமானது. குதிரையைப் புல்லுக்காகவே வயலில் விட்டிருந்தால் அது மேய்ச்சல், ஆகவே விவசாயம். வெளியிலிருந்து தீவனம் கொண்டுவந்து போட்டு, பழக்கி, நிலம் அதற்குத் தங்குமிடம் மாதிரி ஆகிவிட்டால் அது 'குதிரை வைத்திருத்தல்', விவசாயம் இல்லை. கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று நம்ம ஊரில் குதிரையைத்தான் சொல்வோம். இங்கே கொள்ளைக் கண்டதும் வாயைத் திறப்பது சட்டம்.

மனு போடுவதற்கு முன்னால் ஆலோசனை கேட்கலாம், அதற்குத் தனிக் கட்டணம். ஒரு சின்ன வயது அலுவலர் ரப்பர் பூட்ஸோடு வந்து இறங்கினார். பெண்பிள்ளை, நல்ல மாதிரி. அப்போது நிலத்தில் இருந்தது ஒரே ஒரு குதிரை. பிஸ்கட் என்று பெயர். ஷெட்லாண்ட் ஜாதி மட்டக்குதிரை, என் இடுப்பு உயரம்கூட இல்லை, வயிறு மட்டும் நம் ஊர்த் தலைவருடையது. அலுவலர், வீட்டுக்காரம்மா, மகள், நான், நாலு பேரும் வேலியோரம் நின்றுகொண்டு அது என்ன தின்கிறது என்று பத்து நிமிஷம் பார்த்தோம். அது தலையைத் தூக்காமல் புல்லைக் கறம்பிக்கொண்டிருந்தது. "இப்போது இது விவசாயம்" என்றார் அலுவலர். வீட்டுக்காரம்மா சட்டைப் பையில் கையை விட்டு ஒரு கேரட்டை எடுத்தார். நான் பாய்ந்து அவர் கையைப் பிடித்துவிட்டேன்.

அலுவலர் சொல்லிவிட்டுப் போன யோசனை இது. வயல் முழுவதற்கும் மனு போட வேண்டாம். கொட்டகை, முற்றம், மணல் போட்ட சவாரிக்களம் 40 மீட்டருக்கு 20 மீட்டர், இவ்வளவுக்கு மட்டும் கேளுங்கள். மீதி வயலில் குதிரைகள் புல் மட்டும் தின்னட்டும்.

ஆகவே ஒரே குதிரை, சிவப்புக் கோட்டுக்குள் வந்தால் வியாபாரம், வெளியே போனால் விவசாயம். சிவப்புக் கோடு என்பது நான் போட்டது. உங்கள் புலப்படத்துக்குத் தம்பி என்று வையுங்கள். 1:1250 அளவு, வடக்கு அம்பு, அனுமதி கேட்கும் இடத்தைச் சுற்றிச் சிவப்பு, பக்கத்தில் இருக்கும் மீதிச் சொந்த நிலத்துக்கு நீலம். ராத்திரி ஷிப்டுக்குப் போன மருமகள் காலையில் வந்து பார்த்தபோது நான் சாப்பாட்டு மேசையில் கலர் பென்சில்களுக்கு நடுவே தூங்கிக்கொண்டிருந்தேனாம். உங்கள் பேத்தி என் படத்தில் வயலுக்குள் ஒரு குதிரையையும் வரைந்து, அதற்கு இறக்கையும் வைத்திருந்தாள். வேறு பிரதி எடுத்து அனுப்பினேன். ஐந்தாம் நாள் திரும்பி வந்தது. சிவப்புக் கோடு பொதுச் சாலையைத் தொட வேண்டுமாம். நான் வாசலுக்கு இரண்டு மீட்டர் முன்னாலேயே நிறுத்திவிட்டேன். சட்டப்படி என் குதிரைகள் சாலைக்கு வர இறக்கை வேண்டும். பேத்தி வரைந்ததுதான் சரி.

கட்டணம் ஐநூறு பவுண்டுக்கு மேல். நம்ம ஊரில் அடுத்தவன் வயலில் மேய்ந்த மாட்டைப் பிடித்துப் பவுண்டில் அடைப்பார்கள். இங்கே சொந்த வயலில் மேயப்போகிற குதிரைக்குப் பவுண்டை முதலில் அடைக்க வேண்டும்.

இதெல்லாம் மனு உள்ளே போன கதை. அதற்கு முன்னால் ஒரு கோடை முழுவதும் வேறு ஜந்துக்களோடு போயிற்று. வயல் மூலையில் ஒரு குட்டை இருக்கிறது. அதில் கிரேட் கிரெஸ்டட் நியூட் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். பல்லிக்கும் தவளைக்கும் நடுவாந்திரமான பிராணி, ஒரு சாண்கூட வராது, ஆணுக்கு முதுகில் ரம்பம் மாதிரி கொண்டை. அதைத் தொட்டாலே சட்டம் பாயும். தண்ணீரை எடுத்துச் சோதனைக்கு அனுப்ப ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் கடைசி வரைக்கும்தான் கணக்கு. தவறவிட்டால் அடுத்த வருஷம். முகூர்த்தம் தப்பிய கல்யாணம் மாதிரி. நல்லவேளை, எங்கள் குட்டையில் அது இல்லை. வீட்டுக்காரம்மாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். அறுபது வருஷமாகப் பார்க்கிற குட்டை, ஒரு நல்ல பிராணிகூட இல்லையே என்று சொல்லிக்கொண்டார்.

வௌவால் இருந்தது. அது இருக்கிறதா என்று எப்படிப் பார்க்கிறார்கள் தெரியுமா? ஜூன் மாதம் இங்கே ராத்திரி ஒன்பதரைக்குத்தான் பொழுது சாயும். கொட்டகையின் நாலு மூலையிலும் நாலு பேர் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். மடியில் ஒரு பெட்டி. வௌவால் போடுகிற சத்தம் நம் காதுக்கு எட்டாது, அந்தப் பெட்டி அதைப் பிடித்துக் கடகடவென்று நமக்குக் கேட்கிற மாதிரி சொல்லும். நான் பிளாஸ்கில் இஞ்சி டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒருத்தரும் பேசவில்லை. சாவு வீட்டில் உட்கார்ந்த மாதிரி ஒரு மணி நேரம். திடீரென்று ஒரு பெட்டி கடகடத்தது. ஓட்டு முகட்டு இடுக்கிலிருந்து கட்டைவிரல் அளவில் ஒன்று புறப்பட்டு என் தலைக்கு மேலே போயிற்று. அந்தப் பெட்டியை வைத்திருந்த பெரியவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பேரன் பிறந்த சந்தோஷம். மொத்தம் மூன்று வௌவால். எடை பார்த்தால் மூன்றும் சேர்ந்து இருபது கிராம் தேறாது. அந்த மூன்றுக்காக அந்த மூலை முகட்டை அப்படியே விட்டுவிட்டு, லாயத்தில் ஓர் அறையைக் குறைத்து, விளக்கை வேறு பக்கம் திருப்பிப் படத்தை மறுபடி போட்டேன். எட்டுக் குதிரை ஏழாயிற்று.

அதற்கு மேல் ஒரு கணக்கு. 2024 ஏப்ரல் 2 முதல் இந்த மாதிரிச் சின்ன மனுக்களுக்கும் வந்துவிட்டது. கட்டுவதால் அங்கே அழிகிற புல், செடி, புதர் இவற்றின் மதிப்பை அளந்து, அதற்கு 10 சதவீதம் மேலேயே திருப்பி உண்டாக்கித் தர வேண்டும். இந்தப் புல்லுக்கு இத்தனை யூனிட், அந்த உயிர்வேலிக்கு இத்தனை யூனிட் என்று ஒருத்தர் வந்து எழுதினார். அவர் எழுதிய விதத்தைப் பார்த்தபோது உங்கள் ஞாபகம்தான் வந்தது. அடங்கலேதான் சித்தப்பா. பயிர் பெயருக்குப் பதிலாகக் களையின் பெயர், அவ்வளவுதான் வித்தியாசம். புதிதாக நடுவதை 30 வருஷம் பராமரிக்க ஒப்புக்கொள்ள வேண்டும். வீட்டுக்காரம்மா விரல் விட்டு எண்ணி, "அப்போது எனக்கு நூற்றிரண்டு" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

உயிர்வேலியில்தான் உண்மையான சண்டை வந்தது. எங்கள் வாசல் ஒரு சந்துச் சாலையில் திறக்கிறது. இரண்டு கார் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டும். ஆனால் வேக வரம்புப் பலகை இல்லாத நாட்டுப்புறச் சாலை என்பதால் காகிதத்தில் அதற்கு உச்ச வேகம் மணிக்கு 60 மைல். சாலைத்துறைக்காரர் சொன்னார்: வாசலிலிருந்து 2.4 மீட்டர் உள்ளே தள்ளி நிற்கும் வண்டிக்காரன் கண்ணுக்கு இரு பக்கமும் 215 மீட்டர் தெரிய வேண்டும், ஆகவே வேலியை வெட்டுங்கள். உயிரினத்துறைக்காரர் சொன்னார்: அந்த வேலியில் கை வைக்காதீர்கள், அதற்கென்று 1997-இலிருந்தே ஒரு விதிமுறை இருக்கிறது, அதோடு உங்கள் யூனிட் கணக்கும் கவிழும். இருவரும் ஒரே கட்டடத்தில் வேலை பார்க்கிறவர்கள். ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளலாமே என்று நான் கேட்டதற்கு, எங்கள் கருத்துகளை நாங்கள் தனித்தனியாகத்தான் தர வேண்டும் என்று பதில் வந்தது. நம் ரெவின்யூவும் வனத்துறையும் ஞாபகத்துக்கு வந்து எனக்கு ஊரிலேயே இருப்பதுபோல் இருந்தது.

கடைசியில் சாலையின் குறுக்கே ரப்பர்க் குழாய் போட்டு ஏழு நாள் வண்டிகளின் வேகத்தை அளந்தார்கள். அந்தச் சாலையில் 60 மைலில் போக யாரும் உயிரை வெறுக்கவில்லை. முப்பதைத் தாண்டியதே அபூர்வம். அந்த வேகத்துக்கு 43 மீட்டர் பார்வை போதும். வாசலை இருபது அடி நகர்த்தினேன். வேலி பிழைத்தது. நான்காவது தடவையாகச் சிவப்புக் கோடு போட்டேன்.

அப்புறம் தண்டோரா. அதாவது மஞ்சள் அறிவிப்பு. அலுவலர் வந்து பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு காகிதத்தைச் செருகி வாசல் கம்பத்தில் கட்டிவிட்டுப் போனார். 21 நாள் அங்கே இருக்க வேண்டும், ஆட்சேபணை உள்ளவர்கள் எழுதலாம். ஆறாம் நாள் காலை நான் வேலைக்குப் போகும்போது உறை மட்டும் தொங்கியது. உள்ளே காகிதம் இல்லை. கம்பத்துக்கு இந்தப் பக்கம் பிஸ்கட் நின்றுகொண்டிருந்தது. உதட்டோரம் மஞ்சளாக ஒரு துண்டு. அதிலே பாதி எழுத்துகூடத் தெரிந்தது.

குளமங்கலம் அய்யனார் கோவிலில் அந்த 33 அடிக் குதிரைக்கு மாசி மகத்தன்று லாரி லாரியாகக் காகித மாலை கொண்டுவந்து போடுவோமே, அது அப்பா காலத்திலிருந்து ஒரு துண்டைக்கூடத் தின்றதில்லை. இது தன் சொந்த மனுவின் அறிவிப்பைத் தின்றுவிட்டது. அலுவலருக்குப் போன் செய்து உள்ளதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அது வெளியிலிருந்து கொண்டுவந்து போட்ட தீவனமாகக் கணக்காகும்" என்றார். சிரித்தாரா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. புது அறிவிப்பு கட்டினார்கள். 21 நாள் முதலிலிருந்து.

இதற்கு நடுவில் பாரிஷ் கவுன்சில் கூட்டம். நம் கிராம ஊராட்சி மாதிரி. முடிவெடுக்கும் அதிகாரம் அதற்கில்லை, கருத்துச் சொல்லலாம். அதிகாரம் இல்லாத இடத்தில் பேச்சு எவ்வளவு நீளும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம்ம ஊரில் முதலில் வரப்பில் நின்று சத்தம் போட்டுவிட்டு, சாயங்காலம் டீக்கடையில் சமாதானம் ஆவோம். இங்கே டீயும் பிஸ்கட்டும் முதலில். ஆட்சேபிக்க எழுந்த ஒவ்வொருத்தரும், "எனக்குக் குதிரைகள் மீது எந்த விரோதமும் இல்லை" என்று ஆரம்பித்தார்கள். மூன்றாவது ஆள் அதைச் சொன்னபோது என் வயிறு கலங்கியது. ஒருவருக்குச் சாணி நாற்றம். (அவர் வீட்டுக்குப் பின்னாலேயே மாட்டுப்பண்ணைக் குழம்புச் சாணியை வயலில் அடிக்கிறார்கள். அது விவசாயம், ஆகவே நாறாது.) ஒருவருக்கு ராத்திரி விளக்கு. ஓர் அம்மா தன் ஜன்னலிலிருந்து தெரியும் காட்சி கெட்டுவிடும் என்றார். காட்சியும் வீட்டு விலையும் சட்டப்படி கணக்கில் சேராது என்று தலைவர் மிகவும் மென்மையாகச் சொன்னார். அந்த அம்மா அதைவிட மென்மையாக, அப்படியானால் ஈக்கள் என்றார்.

என்னைப் பேசச் சொன்னார்கள். மூன்று நிமிஷம். குதிரையை முந்தும் கார்கள் 10 மைல் வேகத்துக்குள், குறைந்தது இரண்டு மீட்டர் விட்டுப் போக வேண்டும் என்று 2022-இலிருந்து சாலை விதியில் இருக்கிறது, ஆகவே குதிரை வந்தால் உங்கள் சந்தில் வேகம் குறையும் என்று ஒரு வாதத்தை எடுத்துவிட்டேன். சபையில் ஒரு முனகல். நல்லதுக்கா கெட்டதுக்கா என்று புரியவில்லை. ஒரு பெரியவர் கடைசியில் வந்து கையைக் கொடுத்து, "உங்கள் பக்கத்தில் குதிரைகள் அதிகமோ?" என்று கேட்டார். ஊர் எல்லையில் நூற்றுக்கணக்கில் நிற்கின்றன, ஆனால் எல்லாம் மண்ணில் செய்தவை என்றேன். அவர் எங்கள் வீட்டுக்காரம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

போன மாதம் அனுமதி வந்துவிட்டது சித்தப்பா. ஒரு பக்கம் அனுமதி, மூன்று பக்கம் நிபந்தனை. மூன்று வருஷத்துக்குள் வேலை தொடங்க வேண்டும். ஏழு குதிரைக்கு மேல் கூடாது. களத்துக்கு விளக்கு கூடாது. போட்டி, திருவிழா கூடாது. சாணிக் குவியல் நான் படத்தில் போட்ட இடத்திலேயே இருக்க வேண்டும், ஓடைக்குப் பத்து மீட்டருக்குள் வரக் கூடாது. நிபந்தனைகளை நிறைவேற்றிவிட்டேன் என்று சொல்வதற்கு இன்னொரு மனு, அதற்கும் கட்டணம். அதன்பின் சவாரிக்குக் குதிரை வாடகைக்கு விட வேறொரு பிரிவில் உரிமம், 2018-ஆம் வருஷ விதிப்படி. கால்நடை மருத்துவர் வந்து பார்த்து, ஓட்டலுக்குப் போடுவதுபோல் நட்சத்திரம் போடுவார்கள். குதிரை ஒவ்வொன்றுக்கும் பாஸ்போர்ட் வேண்டும், கழுத்தில் சிப் வேண்டும். பிஸ்கட்டின் பாஸ்போர்ட்டைப் பார்த்தேன். அதில் விசா முடியும் தேதி என்று எதுவும் இல்லை. கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

ஈக்களைப் பற்றிப் பேசிய அந்த அம்மா நேற்று இரண்டு சாக்குகளோடு வந்தார். ரோஜாச் செடிக்குக் குதிரைச் சாணிபோல எதுவும் வராதாம், கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டார். ஒற்றை மட்டக்குதிரை எவ்வளவுதான் போடும்? இருந்ததை வாரிக் கொடுத்தேன்.

ஒரு வேலை உங்களுக்கு. கூட்டத்தில் பெரியவரிடம் நான் சொன்ன மண்குதிரை வீட்டுக்காரம்மாவின் மனதில் பதிந்துவிட்டது. வாசலுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று வைக்க வேண்டுமாம். வேளாரிடம் சொல்லி ஒரு ஜோடி சுடச் சொல்லுங்கள். உயரம் மூன்றடிக்குள் இருக்கட்டும், சாலையோரம் ஒரு மீட்டருக்கு மேல் சுவர் எழுப்பினாலே இங்கே மனு. கப்பலில் அனுப்ப விலை விசாரித்து எழுதுங்கள். நான் அதற்குள் அலுவலரிடம் ஒரு வார்த்தை கேட்டு வைக்கிறேன். இந்தக் குதிரைகள் புல்லும் தின்னாது, கொள்ளும் தின்னாது. எந்தக் கட்டத்தில் டிக் போடுவது?

சித்திக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு
உங்கள் அன்பு மகன்